ஊக்கில் குத்திய சீட்டு

தம்பி,

இந்தக் கடிதம் பருப்புப்பொடி டப்பாவுக்குக் கீழே, உன் பச்சைத் துண்டுக்குள் சுற்றியிருக்கும். ரயில் வேப்பம்பட்டில் நிற்காது. நீயும் நித்யாவும் ஜன்னலில் ஒட்டிக்கொண்டு அந்த பெஞ்சைத் தேடுவீர்கள், அது கண்ணில் படுவதற்குள் ஸ்டேஷனே போய்விடும். அரக்கோணம் தாண்டியதும் உனக்குப் பசிக்கும். பையைக் குடைவாய். அப்போது இது கையில் அகப்பட வேண்டும் என்பது என் திட்டம். நேரிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். நேரில் ஆரம்பித்தால் பாதியில் நான் அடுத்த வீட்டுக் கதைக்குப் போய்விடுவேன், நீயும் "சரிம்மா, சரிம்மா" என்று செல்போனைத் தடவிக்கொண்டிருப்பாய். கல்யாணம் முடிந்து எட்டு நாளாகிறது, இன்னும் நாற்காலிக்கு ஒரு தாம்பூலப் பை உட்கார்ந்திருக்கிறது. அதில் ஒன்றைத் தள்ளிவிட்டு, தையல் மிஷின் பலகைமேல் தாளை வைத்து எழுதுகிறேன். உன் அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "புள்ள பூனே போய்ச் சேர்றதுக்குள்ள படிச்சு முடிக்கிற மாதிரி எழுது" என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

முதலில் ஒரு சத்தியம். இந்தக் கடிதத்தில் ஒரு பழமொழிகூட இருக்காது. பயப்படாமல் படி. எனக்கு இது எவ்வளவு பெரிய விரதம் என்று உனக்குத் தெரியும். வாக்கியத்துக்கு ஒன்று நாக்கு நுனியில் வந்து நிற்கிறது, விழுங்கி விழுங்கி வயிறு உப்பிவிட்டது. ஆனால் எழுதப்போவதென்னவோ பழமொழிகளைப் பற்றித்தான். நீ தலையில் அடித்துக்கொள்வது இங்கிருந்தே தெரிகிறது. நித்யாவும் தோள்வழியாக எட்டிப் படிப்பாள், அதனால் உனக்குத் தெரிந்ததையும் அவளுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

நம் தையல் மிஷினுக்கு மேலே தினசரி காலண்டர் தொங்குகிறதே, மளிகைக்கடைக்காரர் வருஷா வருஷம் கொடுப்பது, அதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. தேதி, ராகுகாலம், எமகண்டம் எல்லாவற்றுக்கும் கீழே பொடி எழுத்தில் ஒரு பழமொழி போட்டிருப்பான். காலையில் தாளைக் கிழிப்பேன், படிப்பேன். படித்ததும் மனசுக்குள் ஒரு கேள்வி வரும். "இது யாருக்குப் பொருந்தும்?" நல்ல பழமொழியைப் பார்த்ததும் அப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நாலு பேருக்குத் தோன்றுமாம். எனக்கு மட்டும் ஜாக்கெட் துணியைப் பார்த்த மாதிரி, இதை யார் உடம்புக்கு வெட்டலாம் என்றுதான் தோன்றும். அப்படிக் கிழித்த தாள்களை பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தேன். ஆளுக்கு ஒரு கட்டு, கட்டுக்கு ஒரு ரப்பர் பேண்ட். உன் அப்பாவுக்கு ஒன்று, அது செங்கல் கனம். மாடிவீட்டு சரோஜாவுக்கு ஒன்று. உன் சித்தப்பாவுக்கு ஒன்று. உனக்கும் ஒன்று. எனக்கென்று ஒரு கட்டு இல்லை. இத்தனை வருஷத்தில் அது ஒருநாள்கூட என் கண்ணில் படவில்லை.

தைத்து முடித்த ஜாக்கெட்டை மடித்து, யாருக்கு எது பொருத்தமோ அந்தத் தாளை எடுத்து, பழமொழி மட்டும் வெளியே தெரிகிற மாதிரி மடித்து, ஊக்கு போட்டுக் குத்திக் கொடுப்பேன். திருமுல்லைவாயிலில் வேறு எந்தத் தையல்காரியும் இந்தச் சேவையைச் செய்ததில்லை. அளவெடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடித்து இடுப்பைக் குறைத்துக் காட்டுகிறவளுக்கு உண்மையைப் பற்றிய சீட்டு. காலையில் துணியைக் கொடுத்துவிட்டு மாலையில் வந்து நிற்கிறவளுக்கு அவசரத்தைப் பற்றிய சீட்டு. கோபித்துக்கொள்வார்கள் என்று பார்த்தால், இந்தப் பெண்கள் அதை ஜோசியம் மாதிரி எடுத்துக்கொண்டார்கள். முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வருகிற கஸ்தூரி ஜாக்கெட்டைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டாள். "அக்கா, எனக்கு இன்னா வந்துகீது?" என்று முதலில் சீட்டைத்தான் தேடுவாள். "எங்கூட்டுக்காரருக்கும் ஒண்ணு குத்திக் குடுக்கா. சட்டையில வாணாம், வாயில" என்பாள்.

உன் அப்பாவுக்குக் குத்தியது எதுவும் உள்ளே இறங்கியதே இல்லை. ஆவடி டாங்கி ஃபாக்டரியில் அத்தனை வருஷம் கவச வண்டிகளோடு வேலை பார்த்த மனிதர். சட்டையிலிருந்து சீட்டை எடுப்பார், கண்ணாடியைப் போடுவார், வாய்விட்டுப் படிப்பார். "அடடா, நல்லா சொல்லியிருக்கான்" என்று யாரையோ மெச்சிவிட்டுக் குளிக்கப் போவார். அது தனக்காகக் குத்தப்பட்டது என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

நீ அப்படி இல்லை. பத்தாம் வகுப்பில் கணக்கு மார்க் குறைந்தபோது பள்ளிக்கூடச் சட்டையில் முதல் சீட்டைக் குத்தினேன். நீ ஒன்றும் சொல்லாமல் பைக்குள் தள்ளிக்கொண்டு போனாய். அதற்கப்புறம் கல்லூரி, முதல் வேலை, எல்லாவற்றுக்கும் குத்தினேன். எதற்கும் நீ முகம் சுளித்ததில்லை. பிள்ளை எவ்வளவு பக்குவமாக எடுத்துக்கொள்கிறான் பார் என்று நான் கஸ்தூரியிடம் பீற்றிக்கொண்டேன். பக்குவம் என்று நான் நினைத்தது நீ வாயடைத்துப் போனதைத்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், அம்பத்தூரில் நீ வேலை பார்த்த கம்பெனி உன்னைப் போகச் சொல்லிவிட்டது. நீ வீட்டில் சொல்லவில்லை. எப்போதும் போல எட்டேகாலுக்கு டிபன் பையோடு கிளம்பினாய். அம்பத்தூர் பக்கம் போகிற ரயிலில் ஏறாமல் எதிர் பிளாட்பாரத்துக்குப் போனாய், தெரிந்தவர்கள் யாரும் அந்த நேரத்தில் அந்தப் பக்கம் போக மாட்டார்கள் என்று. எனக்குத் தெரிந்ததெல்லாம் நீ தாமதமாக எழுகிறாய், டப்பாவில் பாதிச் சோறு திரும்பி வருகிறது, கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் காதில் விழுகிறது என்பதுதான். ஒரு தாய் இதைப் பார்த்து என்ன செய்ய வேண்டும்? பக்கத்தில் உட்கார்ந்து "என்னடா?" என்று கேட்க வேண்டும். நான் பிஸ்கட் டப்பாவைத் திறந்து உன் கட்டை எடுத்தேன். உழைக்காதவனைப் பற்றி, தூங்குகிறவனைப் பற்றி, காலத்தை வீணடிக்கிறவனைப் பற்றி எத்தனை உண்டோ அத்தனையையும் தேடி எடுத்து, நாளுக்கு ஒன்றாக, நானே இஸ்திரி போட்ட சட்டையில் குத்தினேன். பத்தொன்பது நாள். வேலை போன பிள்ளையின் நெஞ்சில், என் கையால்.

பத்தொன்பதாம் நாள் சாயங்காலம் கஸ்தூரி அளவு ஜாக்கெட்டோடு வந்தாள்.

"அக்கா, தம்பிக்கு வேப்பம்பட்டுல ஆபீஸ் மாத்திட்டாங்களா?"

"இல்லியே. ஏன்?"

"எங்க நாத்தனா ஊட்டுக்குப் போயிருந்தேங்க்கா. ஸ்டேஷன்ல பெஞ்சுல உக்காந்துகினு கீது. கூப்ட்டேன், காதுல ஒயர மாட்டிகினு கீது, கேக்கல. போன வாரமும் அங்கதான் பாத்தேன்."

"நீ வேற யாரையாவது பாத்திருப்ப."

"இன்னாக்கா நீ! சட்டைப் பையில ஊக்கு குத்திகினு சுத்துற ஆம்பள இந்த லைன்லயே ஒருத்தர்தான் கீறாரு."

சிரித்தாள். நானும் சிரித்தேன். மிஷின் ஊசி துணியைத் தாண்டி எங்கேயோ போய்க் குத்திக்கொண்டிருந்தது. அம்பத்தூரிலிருந்து ஆவடி வரை எந்த வீட்டில் யாருக்கும் யாருக்கும் பேச்சில்லை என்று எனக்குத் தெரியும். எல்லாக் கதையும் இந்த மிஷினைத் தாண்டித்தான் போயாக வேண்டும். என் வீட்டுக் கதையை மட்டும் கஸ்தூரி வந்து சொல்ல வேண்டியிருந்தது.

மறுநாள் லைனிங் துணி வாங்கப் போவதாக அப்பாவிடம் சொல்லிவிட்டு ரயிலேறினேன். பதினோரு மணி வெயில். பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில் நீ உட்கார்ந்திருந்தாய், பக்கத்தில் டிபன் பை ஒரு ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தது. நான் பையை நகர்த்திவிட்டு உட்கார்ந்தேன். நீ திடுக்கிடவில்லை, எழவும் இல்லை. எனக்கு வாயில் வந்தது ஒன்றுதான்.

"சாப்டியா?"

நீ என்னைத் திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டினாய். "எங்க, இன்னிக்குச் சீட்டைக் குடு."

நீ டிபன் பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து காட்டினாய். பத்தொன்பதும் அடுக்காக உள்ளே இருந்தன. "தூக்கிப் போடவும் மனசு வரலம்மா. உங்கிட்ட சொல்லணும்னு தெனம் நெனப்பேன். சொன்னா மறுநாள் அதுக்கும் ஒண்ணு குத்துவ. அதான் சொல்லல."

தம்பி, இப்போது ஒரு உண்மையைச் சொல்கிறேன். நீ அதைச் சொன்ன அந்த நிமிஷத்திலும், விழுந்தவன் எழுவதைப் பற்றி ஒரு பழமொழி என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. இவ்வளவு நடந்த பிறகும்! நீ என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாய். "சொல்லாதம்மா" என்றாய். கத்தவில்லை, கெஞ்சின மாதிரி சொன்னாய். நான் வாயை மூடிக்கொண்டேன். ஒரு ரயில் வந்து நின்று போயிற்று. அப்புறம் டப்பாவைத் திறந்து, ஒரே ஸ்பூனில் நீ ஒரு வாய், நான் ஒரு வாய் என்று தயிர்சாதம் சாப்பிட்டோம். நான் பேசாமல் சாப்பிட்ட முதல் சாப்பாடு அதுதான்.

நித்யா என்னைவிடப் பத்து நாள் முந்தியே அந்த பெஞ்சில் உன்னைக் கண்டுபிடித்துவிட்டாள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. லேப்புக்குப் போக அதே பிளாட்பாரத்தில் நிற்கிறவள். "சார், நீங்க எந்த ட்ரெயினுக்குத்தான் வெயிட் பண்றீங்க? எது வந்தாலும் ஏற மாட்டேங்கறீங்க" என்று கேட்டாளாம். நீயும் "வேலை போயிடுச்சுங்க" என்று சொல்லிவிட்டாய். இரண்டே வார்த்தை. பெயர்கூடத் தெரியாத பெண்ணிடம். அந்த இரண்டு வார்த்தை என்னிடம் வந்து சேர இருபது நாளும் ஒரு கஸ்தூரியும் வேண்டியிருந்தது. கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. நித்யா படிப்பாள் என்பதால்தான் கொஞ்சம் என்று எழுதுகிறேன்.

அன்று வீட்டுக்கு வந்து பிஸ்கட் டப்பாவைக் கட்டிலில் கவிழ்த்தேன். எல்லா ரப்பர் பேண்டையும் கழற்றினேன். ஒவ்வொரு தாளாக எடுத்து, கேள்வியை மட்டும் மாற்றிக் கேட்டுப் பார்த்தேன். "இது எனக்கு எங்கே பொருந்தும்?" ஜாக்கெட்டை ஒருத்திக்காக வெட்டிவிட்டுக் கடைசியில் நானே போட்டுப் பார்த்தால் தோள், கை, கழுத்து எல்லாம் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. உன் அப்பாவின் செங்கல்லில் முக்கால்வாசி என்னுடையது. சித்தப்பாவின் கட்டு முழுசாகவே என்னுடையது. அன்றிலிருந்து ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். தாளைக் கிழிக்கிற ஆளுக்குத்தான் அன்றைய பழமொழி. வேறு யாருக்கும் கிடையாது.

முதல் வாரம் ரொம்பக் கஷ்டம். ஒருநாள் நாவடக்கத்தைப் பற்றிப் போட்டிருந்தான். அன்றைக்கென்று பார்த்துக் கஸ்தூரி ஒரு கதையைச் சுடச்சுடக் கொண்டுவந்தாள். கேட்டுக்கொண்டேன், எதிர்க்கதை சொல்லவில்லை. அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "இன்னாக்கா, பிரஷர் மாத்திர போட்டியா?" என்றாள்.

இன்னொரு நாள் பகையைப் பற்றி வந்தது. மாடிவீட்டு சரோஜா அப்போது ஏழு வருஷமாக என்னோடு பேசியதில்லை. பேசியதில்லை என்றால், நான்தான் பேசவில்லை. அவள் பிழியாமல் காயப்போடுகிற துணியிலிருந்து நம் பால்கனியில் தண்ணீர் சொட்டும். தைத்து மாட்டிய ஜாக்கெட்டெல்லாம் புள்ளி புள்ளியாக நனைந்துபோகும். திமிர் பிடித்தவள் என்று அவள் பேரில் நான் சேர்த்த சீட்டு ஒரு கைப்பிடி கனம். அன்று என் சட்டப்படி அந்தத் தாள் எனக்கு. வேறு வழியில்லை. பாயசம் வைத்து எடுத்துக்கொண்டு மாடியேறினேன். கதவைத் திறந்தவள் சண்டைக்குத் தயாராகவே நின்றாள்.

"என்ன, தண்ணி சொட்டுதா?"

"இல்ல. பாயசம்."

"என்ன விசேஷம்?"

"காலண்டர்ல போட்டிருந்துச்சு."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கிண்ணத்தை வாங்க இடது கையை நீட்டினாள். வலது கை தோளுக்கு மேலே எழும்பாதாம். முறுக்கிப் பிழியவும் முடியாதாம். எத்தனை வருஷமாக என்று கேட்டேன். "நீங்க பேச்ச நிறுத்துனீங்களே, அதுக்குக் கொஞ்சம் முன்னாடி" என்றாள். ஏழு வருஷம், தம்பி. தலைக்கு மேலே பத்தடி உயரத்தில் ஒருத்திக்குத் தோள் வலி, நான் கீழே உட்கார்ந்து அவளுக்குப் பழமொழி சேர்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அவள் போர்வை துவைக்கிற நாளில் நான் மேலே போகிறேன். ஒரு முனையை அவள் இறுகப் பிடித்துக்கொள்வாள், மறுமுனையை நான் முறுக்குவேன். பிழிந்து முடிப்பதற்குள் நாங்கள் சிரிக்கிற சிரிப்பில் பாதித் தண்ணீர் எங்கள் மேலேயே கொட்டும்.

இதிலிருந்து எனக்குப் புரிந்தது ஒன்றுதான். அந்தப் பழைய வார்த்தைகளில் சந்தோஷமாக இருக்க வழி இருக்கிறது, பொய்யில்லை. அதை முதலில் சொன்னவர் யாரோ, எந்த ஊரோ. கட்டாயம் எங்கேயோ தடுக்கி விழுந்துவிட்டு, முட்டியைத் தேய்த்துக்கொண்டே தனக்குத்தானே முனகியிருப்பார். பக்கத்து வீட்டுக்காரியைக் குத்துவதற்காகச் சொல்லியிருக்க மாட்டார். நானோ அதற்கு ஊக்கு கண்டுபிடித்தேன். நீங்கள் இரண்டு பேரும் குடித்தனம் நடத்தப்போகிற வீட்டிலும் ஒரு காலண்டர் மாட்டுங்கள். சண்டை வருகிற நாளில் அதைக் கிழித்து ஒருவருக்கொருவர் நீட்டாதீர்கள். கிழித்தவர் படித்துவிட்டுப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். நான் கொடுக்கிற புத்திமதி இவ்வளவுதான்.

நித்யாவிடம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும், உன்னிடமும்தான். முகூர்த்த ஜாக்கெட் போட்டுப் பார்க்க வந்தபோது அவள் கேட்டாள்: "அத்தை, எனக்குச் சீட்டு இல்லையா?"

"அதெல்லாம் நிறுத்திட்டேம்மா."

"எனக்குன்னு ஒரு கட்டு ஆரம்பிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்."

என் விரலில் ஊசி ஏறிவிட்டது. ஏனென்றால் ஆரம்பித்திருந்தேன். சட்டமாவது ஒன்றாவது. அவள் வீட்டுக்கு முதல்முறை போய்வந்த அன்றைக்கே மூன்று தாள் ஒதுக்கி வைத்திருந்தேன். டப்பாவைத் திறந்து அவள் கையில் கொடுத்தேன். படித்தாள், சிரித்தாள். "முதல் ரெண்டும் எனக்குச் சரிதான் அத்தை. மூணாவது உங்களுக்கு" என்று திருப்பிக் கொடுத்தாள். பார்த்தேன், சரிதான். அந்த நிமிஷத்தில்தான் எனக்கு இந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்துப்போனது. உன்னை அவள் கையில் விட்டு அனுப்பப் பயமில்லை.

எனக்கு வேறு ஒரு பயம் இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதமே. அந்த பெஞ்சுக்குப் பிறகு உனக்கு வேறு வேலை கிடைத்தது, நல்ல வேலை. ஆனால் இந்த மூன்று வருஷமாக எதைக் கேட்டாலும் நீ எனக்குச் சொல்கிற பதில் ஒன்றுதான். "நல்லா இருக்கேம்மா." காய்ச்சலில் அனத்திக்கொண்டு "நல்லா இருக்கேம்மா." ஆபீசில் அந்த மேலதிகாரி உன்னைப் பாடாய்ப் படுத்திய நாலு மாசமும் "நல்லா இருக்கேம்மா." நித்யா சொல்லித்தான் எனக்குத் தெரியும். சீட்டு குத்துவதை நிறுத்திவிட்டேன், ஆனால் உன் சட்டையில் அந்த இடம் இன்னும் ஓட்டையாகவே இருக்கிறது. திருமுல்லைவாயிலில் இருந்தவரை முகத்தைப் பார்த்தாவது கண்டுபிடிப்பேன். பூனே ஸ்டேஷனில் எனக்குக் கஸ்தூரி கிடையாது.

துண்டை இன்னும் கொஞ்சம் பிரி. ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு இருக்கும். பதறாதே. அது உன் பேரில் நான் சேர்த்த கட்டுதான், அந்தப் பத்தொன்பதும் அதற்குள்ளே இருக்கின்றன. அன்று பெஞ்சிலிருந்து எழும்போது நீ என் பைக்குள் வைத்தாயே, அவைதான். எல்லாவற்றையும் திருப்பி அடுக்கியிருக்கிறேன். காலண்டர் தாளின் பின்பக்கம் வெறும் வெள்ளை, தம்பி. இத்தனை வருஷம் கிழித்தவள், அதைத் திருப்பிப் பார்க்கவேயில்லை.

அதில் நீ எழுது. ஒரு வரி போதும். "உடம்பு சரியில்லை." "இன்றைக்குத் திட்டு வாங்கினேன்." "வேலை போய்விட்டது." தபாலில் போடு, இல்லை போட்டோ எடுத்து அனுப்பு. நான் அறிவுரை சொல்ல மாட்டேன், பதில்கூடச் சொல்ல மாட்டேன். வரச் சொன்னால் வருவேன், ஒரு ஸ்பூனோடு. கட்டின் மேலே ஒரு ஊக்கும் குத்தியிருக்கிறேன். இனிமேல் அதை நீ என்மேல் குத்து.

காலையில் எழுந்ததும் வழக்கம்போல இன்றைய தாளைக் கிழித்தேன். பிள்ளை ஊருக்குப் போகிற நாளாயிற்றே, என்ன போட்டிருந்தான் என்று உனக்குக் கேட்கத் தோன்றும். கேட்காதே. அது எனக்கு.

அம்மா